பெர்சிவலின் போர்நூலும் தோட்டத் தமிழரும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

போரில் வென்ற தளபதி எழுதும் நினைவுநூலுக்கும் தோற்ற தளபதி எழுதும் நினைவுநூலுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. முன்னவர் நிகழ்ந்ததை எடுத்துரைத்தால் போதும். பின்னவர் நிகழ்ந்ததற்கு விளக்கமும் தர வேண்டியவராகிறார். பர்மாப் போர்முனையில் 14ஆம் படையை நடத்திய வில்லியம் ஸ்லிம், 1956இல் வெளியிட்ட 'டிஃபீட் இன்ட்டு விக்டரி' என்னும் நூலில் தம் பிழைகளைத் தயக்கமின்றிச் சொல்லியிருக்கிறார். இறுதி வெற்றி அவர் பக்கம் நின்றது அதற்கு ஒரு காரணம் எனலாம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்த லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் எர்னெஸ்ட் பெர்சிவலுக்கு அத்தகைய வாய்ப்பு இருக்கவில்லை. 1949இல் வெளிவந்த அவருடைய 'தி வார் இன் மலாயா' என்னும் நூல், தோல்விக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்த ஒருவரின் விளக்கவுரையாகவே அமைந்துள்ளது.

இந்நூல் ஆங்கிலத்தில் பலராலும் ஆராயப்பட்டுள்ளது. எனினும் அவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை, சிங்கப்பூரின் வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்னும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகின்றன. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. போர் தொடங்கிய காலத்தில் மலாயாவில் ஏழு இலட்சம் அளவில் இந்தியர் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அத்தமிழருள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். மலாயாவின் போர் என்று பெயர் பூண்ட ஒரு நூலில் இம்மக்கள் எவ்வாறு இடம்பெறுகின்றனர்? அவர்கள் இடம்பெறும் முறை, தோல்விக்கு அந்நூல் தரும் விளக்கத்தை எவ்வாறு பாதிக்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

பெர்சிவலின் பணிவாழ்வு

பெர்சிவல் 1887இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் பிறந்தவர். ரக்பி பள்ளியில் பயின்றபின் இலண்டனில் இரும்புத்தாது வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, விரைவிலேயே அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். பிரான்சின் போர்முனையிலும், பின்னர் 1919இல் இரசியாவின் ஆர்க்கேஞ்சல் பகுதியிலும் அவர் காட்டிய வீரத்துக்குப் பல பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவரைக் கோழை என இகழும் வழக்கு வரலாற்றுச் சான்றுகளுக்கு ஒவ்வாதது என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று.

1920, 1921ஆம் ஆண்டுகளில் அவர் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் எசெக்ஸ் படையணியின் உளவுத்துறை அதிகாரியாக இருந்தார். அப்பகுதியின் விடுதலைப் போராளித் தலைவர்களுள் ஒருவரான டாம் பேரி எழுதிய 'கெரில்லா டேய்ஸ் இன் அயர்லாந்து' என்னும் நினைவுநூல், பெர்சிவலைக் கொடியவராகச் சித்திரிக்கிறது. அந்நூலும் 1949ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒரே ஆண்டில் தளபதியும் தம் விளக்கத்தை எழுதுகிறார். அவரால் ஒடுக்கப்பட்டவர்களுள் ஒருவரும் தம் பக்கத்தை எழுதுகிறார். அயர்லாந்தில் உடனுக்குடன் கிடைத்த இந்த எதிருரை மலாயாத் தமிழரிடமிருந்து கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

1936இல் பெர்சிவல் மலாயாவிற்கு வந்து, தளபதி டாபியின் கீழ்ப் பணிநிலை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். 1937இல் அவர் தயாரித்த மதிப்பீடு, பகைவர் சிங்கப்பூரைக் கடல்வழியாக நேரே தாக்குவதைவிடச் சிங்கோரா, பட்டாணி, கோத்தா பாரு ஆகிய இடங்களில் இறங்கி வடக்கிலிருந்து முன்னேறக்கூடும் என எச்சரித்தது. 1941 டிசம்பரில் நடந்தது பெரும்பாலும் அதுவே. தாம் முன்னறிவித்த தோல்விக்குத் தாமே தலைமை ஏற்க நேர்ந்தமை அவர் வாழ்வின் அவலம் எனலாம். 1941 மே நடுப்பகுதியில் மலாயாவின் தலைமைத் தளபதியாக மீண்டும் வந்தார். ஒன்பது மாதங்களில் கைதியானார். சாங்கி, ஃபார்மோசா, மஞ்சூரியா எனச் சிறைவாழ்வு தொடர்ந்தது. 1945 செப்டம்பர் 2ஆம் நாள் தோக்கியோ விரிகுடாவில் மிசூரிக் கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, மெக்கார்தரின் பின்னே சாட்சியாக நின்றார். 1946இல் ஓய்வுபெற்றார். அவர் நிலையிலிருந்த தளபதிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 'சர்' பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. 1966இல் மறைந்தார்.

நூலின் தகுதிகள்

இந்நூலின் நடை வறண்டது. உணர்ச்சி வெளிப்பாடு மிகக் குறைவு. ஆயினும் இதற்குச் சில சிறப்புகள் உண்டு. முதலாவது, தம் கீழ் இருந்தோர்மீது பழி சுமத்தும் போக்கு இதில் மேலோங்கவில்லை. ஆஸ்திரேலியத் தளபதி கோர்டன் பென்னெட் 1944இலேயே 'வை சிங்கப்பூர் ஃபெல்' என்னும் நூலை வெளியிட்டு, ஏனையோரைக் குறைகூறியிருந்தார். அதற்கு விடையிறுக்கும் வாய்ப்பு இருந்தும் பெர்சிவல் பெருமளவு அடக்கம் காத்தார். இரண்டாவது, தோல்வியின் புறக்காரணங்களை அவர் சான்றுகளோடு எடுத்துரைக்கிறார். மலாயாவைக் காக்க 336 போர் விமானங்கள் வேண்டும் எனப் படைத்தலைமை 1940இல் கணித்தது. போர் தொடங்கியபோது முதல்நிலை விமானங்களாக இருந்தவை 158 மட்டுமே. அவற்றுள்ளும் பல காலாவதியானவை. பெர்சிவலிடம் பீரங்கி வண்டிகள் என்னும் டாங்கிகள் இல்லை, ஜப்பானியரிடம் இருந்தன. 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் 11ஆம் இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்த இரு பிரிகேடுகள் சில மணி நேரத்தில் சிதைந்தமைக்கு இதுவே தலையாய காரணம். நான்கு நாள்களில் கோலாலம்பூர் வீழ்ந்தது.

இக்காரணங்களைப் பின்வந்த ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஏற்றுள்ளனர். 1996இல் கிளிஃபோர்டு கின்விக் எழுதிய பெர்சிவலின் வாழ்க்கை வரலாற்று நூல், தன் தலைப்பிலேயே அவரைப் பிறர் பழியைச் சுமந்தவர் எனக் குறிக்கிறது. நாமும் இம்மதிப்பீட்டைப் பெரிதும் மறுக்கவில்லை.

எதிர்ச்சான்று ஒன்று மட்டும் இங்குக் குறிப்பிடத்தக்கது. தலைமைப் பொறியாளராக இருந்த பிரிகேடியர் ஐவன் சிம்சன் 1970இல் 'சிங்கப்பூர்: டூ லிட்டில், டூ லேட்' என்னும் நூலை வெளியிட்டார். 1941 டிசம்பர் 26ஆம் நாள் இரவு தாம் பெர்சிவலைச் சந்தித்து, சிங்கப்பூரின் வடகரையில் அரண்கள் அமைக்குமாறு வற்புறுத்தியதாகவும், அவை படையினரின் மனவுறுதியைக் குலைக்கும் எனக் கூறிப் பெர்சிவல் மறுத்ததாகவும் அவர் எழுதுகிறார். அரண் அமைப்பதற்குப் பொருள் மட்டும் போதாது, ஆள்வலிமையும் வேண்டும். அந்த ஆள்வலிமை பற்றிய பெர்சிவலின் விளக்கமே நம் ஆய்வின் மையமாகும்.

நாற்பத்தைந்து சென்ட்

1948இல் இலண்டன் அரசிதழின் இணைப்பாக வெளியான பெர்சிவலின் அலுவல்முறை அறிக்கை, உழைப்பாளர் பற்றாக்குறையைப் பெருங்குறையாகச் சுட்டுகிறது. 1941 ஏப்ரலில் ஆறு தொழிலாளர் அணிகளை அமைக்கப் போர்த்துறை இசைவளித்தது. ஆனால் நாட்கூலியை எல்லாம் உட்பட 45 சென்ட் என வரையறுத்தது. அன்று ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் முழுவீச்சில் இயங்கின. சிங்கப்பூரில் சாதாரணக் கூலியாள் ஒருவருக்கே அதனினும் இரு மடங்குக்கு மேல் கிடைத்தது. ஆகவே 45 சென்ட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. போர் தொடங்கியபின் குண்டுவீச்சுக்கு அஞ்சி இருந்தவர்களும் மறைந்தனர். பெர்சிவலின் விளக்கம் சுருக்கமாக இதுவே.

இவ்விளக்கத்தில் பொய் ஏதுமில்லை. தொலைவிலிருந்த போர்த்துறையின் கஞ்சத்தனத்தை அவர் சரியாகவே கண்டிக்கிறார். எனினும் இங்குத் தொழிலாளர் ஒரு தொகையாக, விலை கொடுத்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பொருளாக மட்டுமே தோன்றுகின்றனர். பற்றாக்குறைப் பட்டியலில் விமானம், டாங்கி ஆகியவற்றை அடுத்து அவர்களும் ஓர் இனம். அவ்வாண்டின் அதே மாதங்களில் அத்தொழிலாளர்களே தம் கூலியைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருந்தனர் என்பதை அறிய நாம் கிள்ளானுக்குச் செல்ல வேண்டும்.

கிள்ளான், 1941

1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் ஈடுபட்டனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் இவ்வியக்கத்தில் முன்நின்றனர். ரப்பர் விலை ஏறியிருந்தது. அரிசி விலையும் ஏறியிருந்தது. ஆண் தொழிலாளியின் நாட்கூலியோ 50 சென்ட் அளவிலேயே நின்றது. சீனத் தொழிலாளர்க்குக் கிடைத்த கூலி அதனினும் மிகுதி. தமிழ்த் தொழிலாளர் 60 சென்ட் கேட்டனர்.

கோரிக்கைகள் கூலியோடு நிற்கவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி வேண்டும். கங்காணிமாரின் கொடுமை ஒழிய வேண்டும். வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் நீங்க வேண்டும். இவ்விறுதிக் கோரிக்கை ஆழ்ந்து நோக்கற்பாலது. இதனால் துரைக்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஆயினும் இதுவே துரைமாரைப் பெரிதும் சினங்கொள்ளச் செய்தது. கூலிகள் எனப்பட்டோர் தம்மை மனிதராக நடத்துமாறு கேட்ட கோரிக்கை இது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் பரவியது. மே நடுப்பகுதியில் சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, இந்தியப் படையணிகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். பெர்சிவல் மலாயாவில் பொறுப்பேற்றதும் இதே நாள்களில்தான்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். 50 சென்ட் போதாது என்று கிள்ளான் தொழிலாளர் துப்பாக்கிக்கு முன் நின்ற காலத்தில்தான், 45 சென்ட்டுக்கு ஆள் வரவில்லையே எனப் படைத்துறை வியந்துகொண்டிருந்தது. தொழிலாளர் அணிகள் அமையாமற் போனதற்குப் பெர்சிவல் கூறும் காரணம் போர்த்துறையின் கூலிவிகிதம். நாம் அதனோடு மற்றொன்றையும் சேர்க்க வேண்டும்: தன் படையைக் கொண்டு தன் உழைப்பாளரைச் சுட்ட ஓர் அரசு, ஏழு மாதங்களுக்குப்பின் அவ்வுழைப்பாளரிடமே அரண் கட்டித்தருமாறு கேட்டது. தோல்விக்கான காரணங்களை நிரல்படுத்தும்போது பெர்சிவல் இதனை ஒரு காரணமாகக் கொள்ளவில்லை. இது அவருடைய தனிப்பட்ட நேர்மைக் குறைவன்று. அவருடைய நூல் வகைக்குரிய பார்வைக் குறைவு. போர் என்பது டிசம்பர் 8இல் தொடங்குவது. அதற்கு முன் தோட்டங்களில் நடந்தது காவல்துறைக்குரிய செய்தி. இவ்வாறு பிரித்துக் காணும் பழக்கமே இந்நூலின் அடிப்படைக் குறை என்பது எம் கருத்து.

பினாங்கிலிருந்து ஒரு குரல்

இக்குறையை வேறொரு நினைவுநூல் தெளிவாக்குகிறது. 1941 டிசம்பர் நடுப்பகுதியில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர் வெளியேற்றப்பட்டனர்; ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. நகரில் எஞ்சியோரைத் திரட்டிக் குழு அமைத்து, கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவரே. 1970இல் வெளிவந்த தம் 'தி சாரா சாகா' என்னும் நூலில் அந்நாள்களை அவர் விவரிக்கிறார். படைத்துறை நூல்களில் ஓர் இடப்பெயர்வு நடவடிக்கையாக வரும் நிகழ்ச்சி, அங்கே குடிநீரும் அரிசியும் பிணமடக்கமுமாக மாறுகிறது. ஒரே போர், நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறு போராகத் தெரிகிறது.

ஆயினும் சரவணமுத்து ஆங்கிலம் கற்ற இதழாளர். அவருக்கு எழுதுகோல் கையில் இருந்தது. தோட்ட லயன்களில் வாழ்ந்தோர்க்கு அது இல்லை.

போர் எப்போது முடிந்தது?

பெர்சிவலின் நூலில் மலாயாவின் போர் சிங்கப்பூரின் சரணோடு முடிகிறது. அதன்பின் வருவது கைதிகளின் கதை. தமிழருக்கோ பெரும் துயரம் அதன்பின்னரே தொடங்கியது.

1942 பிப்ரவரி 17ஆம் நாள் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரிகள் சாங்கிக்கு அனுப்பப்பட்டனர். அத்திடலிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு தொடங்குகிறது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், தோட்டத்து இளைஞர் பலர் அப்படையில் சேர்ந்தனர். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். குண்டுவீச்சுக்கு அஞ்சி மறைந்தவர்கள் எனப் படைத்துறை எழுதிய அதே சமூகம், தமக்கு உரியதெனக் கருதிய ஒரு நோக்கத்திற்காகப் போர்முனைக்குச் சென்றது. தொழிலாளரின் இயல்பான அச்சம் என்னும் விளக்கம் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சயாம் மரண இரயில் இதனினும் கொடியது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை அது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர்; இறந்தோர் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரின் இறப்பு பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 90,000 என்னும் எண்ணே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காஞ்சனபுரியின் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் நிரல்படக் காட்சியளிக்கின்றன. காலராவிலும் சீதபேதியிலும் மாண்ட தமிழருள் மிகப் பலர்க்குப் பெயர்ப் பதிவுகூட இல்லை.

இங்குப் பெர்சிவலின் பிற்கால வாழ்வு நம் கவனத்தை ஈர்க்கிறது. அவர் தூரகிழக்கு முன்னாள் போர்க்கைதிகள் சங்கத்தின் வாழ்நாள் தலைவராக இருந்து, அவர்களுடைய இழப்பீட்டிற்காக அயராது உழைத்தார். முடக்கப்பட்ட ஜப்பானியச் சொத்துகளிலிருந்து அவர்களுக்குத் தொகை கிடைக்க அவருடைய முயற்சி உதவியது. 1957இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படம் வெளிவந்தபோது, அது கைதிகளைத் தவறாகக் காட்டுகிறது என எதிர்ப்புத் தெரிவித்தார்; அது கற்பனைக் கதை என்னும் அறிவிப்புத் திரையில் இடம்பெறச் செய்தார். தம் வீரர்களின் நினைவு திரிக்கப்படலாகாது என்னும் அவருடைய அக்கறை போற்றத்தக்கது. ஆனால் அத்திரைப்படத்தின் பெருந்திரிபு அவர் சுட்டியதோடு முடிவதில்லை. அப்பாதையில் மாண்டவர்களுள் மிகப் பெரும்பான்மையினரான ஆசியத் தொழிலாளர் அதன் கதையில் இடமே பெறவில்லை.

பெர்சிவல் அப்பாதையைக் காணவில்லை. அப்போது அவர் ஃபார்மோசாவில் கைதியாக இருந்தார். தம் வீரர்களுக்காகப் பேசுவதே தளபதியின் கடமை. தொழிலாளருக்காகப் பேசுவது பிறர் கடமை என்றும் வாதிடலாம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் அந்தப் பிறர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. திரும்பிவந்த பிரிட்டிஷ் ஆட்சியும் அத்தொழிலாளருக்காக அத்தகைய முனைப்புக் காட்டவில்லை. அவர்களுக்கெனப் பெயர் அறிந்த தலைவர் எவரும் இலண்டனில் இல்லை.

தமிழில் எழுந்த எதிருரை

அயர்லாந்தில் 1949இலேயே எழுந்த எதிருரை தமிழில் புனைகதையாகவே வந்தது. இந்தோனேசியாவையும் மலாயாவையும் களமாகக் கொண்ட ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்கள் போர்க்காலத் தமிழரின் வாழ்வைச் சித்திரித்தன. மரண இரயிலை மையமாகக் கொண்டு ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' அதே துயரத்தைப் பின்னர் எடுத்துரைத்தது. இந்நாவல்களைக் கலைநயம் என்னும் ஒரே அளவுகோலால் அளந்து குறைகாணும் போக்கு நம்மிடையே உண்டு. நிகழ்ச்சி மிகுதியும் செய்திச் செறிவும் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்பர். நம் கருத்து வேறு. ஆவணம் இல்லாத ஒரு சமூகத்தில் நாவல் ஆவணத்தின் பணியையும் சேர்த்தே செய்ய வேண்டியதாகிறது. பெர்சிவலின் தனித்தாள்கள் இலண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. தோட்டத் தொழிலாளியின் தாள்களைக் காக்கும் இடம் அந்நாவல்களன்றி வேறு எது?

நாம் வாழும் நிலப்பகுதியே இதற்குச் சான்று. இன்றைய சுபாங் ஜெயா, 1976 தொடங்கிச் சீஃபீல்டுத் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட அந்நிலத்தில் ரப்பர் மரங்களும் இல்லை, லயன்களும் இல்லை. மாரியம்மன் ஆலயத்தின் பெயரோடு மட்டும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து பெர்சிவலின் நூலைப் படிக்கும் நம் மாணவர், அதில் வரும் தொழிலாளர் பற்றாக்குறை என்னும் சொற்றொடரைக் கடந்து செல்லலாகாது. அது அவர்களுடைய பாட்டன்மாரைக் குறிக்கும் சொல்.

முடிவுரை

'தி வார் இன் மலாயா' நேர்மையான நூல். ஆனால் குறுகிய நூல். விமானமும் டாங்கியும் இன்மையை அது நன்கு விளக்குகிறது. உழைப்பாளர் இன்மையை விளக்கவில்லை, பதிவு மட்டுமே செய்கிறது. அவ்விளக்கம் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்துப் படிக்கும்போதுதான் மலாயாவின் வீழ்ச்சி, படைத்துறைத் தோல்வியாக மட்டுமன்றி ஆட்சிமுறையின் தோல்வியாகவும் புலப்படுகிறது.

நம் துறை செய்ய வேண்டிய பணி ஒன்று இதனின்று பெறப்படுகிறது. படைத்துறை நினைவுநூல்களையும் அலுவல் அறிக்கைகளையும் ஆங்கிலத் துறைகளுக்கும் வரலாற்றுத் துறைகளுக்கும் மட்டும் உரியவை என ஒதுக்காமல், தமிழ் நாவல்களோடும் 1941ஆம் ஆண்டின் தமிழ் இதழ்களோடும் ஒப்பிட்டுப் பயிலும் ஆய்வுகள் பெருக வேண்டும். போர்க்காலத்தை நேரில் கண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்யும் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவர்கள் பிள்ளைகளின் நினைவிலேனும் உள்ளவற்றை இப்போதே தொகுத்தல் வேண்டும்.